சிட்டாவிலிருந்து தொடங்கியவர்

பேராசிரியர் சி.டி. குரியன் 2024 ஜூலை மாதம் தமது 93ஆம் வயதில் காலமானார். பொருளாதாரம் படித்தவர்கள் வட்டத்துக்கு வெளியே அந்தப் பெயர் அதிகம் பேருக்குத் தெரிந்திருக்காது. நம் வயதுக்காரர்களில் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர்கள் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். அவரிடம் படித்தவர்களும் உடன் பணியாற்றியவர்களும் எழுதிய அஞ்சலிகளில் கைக்குக் கிடைத்தவற்றை வாசித்தேன். நல்ல ஆசிரியர், சிக்கலான விஷயத்தையும் தெளிவாகச் சொல்லக் கூடியவர், எளிமையானவர் என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். அதில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. ஆனால் அப்படிப்பட்ட ஒருவருக்குச் செய்ய வேண்டிய மரியாதை அதோடு முடிந்துவிடுகிறதா என்பதுதான் என் கேள்வி. அதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

ஆங்கிலத்தில் அவரைப் போன்றவர்களை 'ராடிகல்' பொருளாதார அறிஞர் என்பார்கள். தமிழில் 'தீவிர' என்று போட்டால் நம் ஊரில் போலீஸ் ஞாபகம்தான் வருகிறது. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிக்கும் நண்பர்களுக்குத் தெரியும். பிரெஞ்சில் வேருக்கு 'ரசீன்' என்று பெயர். அதற்கும் 'ராடிகல்' என்ற சொல்லுக்கும் மூலம் ஒரே லத்தீன் சொல். ஆகவே ராடிகல் என்றால் வேர்வரை போகிறவர் என்று பொருள். கத்துகிறவர், மேசையைத் தட்டுகிறவர் என்பதெல்லாம் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. குரியன் மென்மையாகப் பேசி வேரைத் தோண்டிய ரகம்.

யார் இவர் என்று இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். அங்கேயே தங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். திரும்பி வந்து தாம்பரத்தில் பாடம் நடத்தினார். பிறகு அடையாறு காந்தி நகரில் உள்ள சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்துக்கு இயக்குநராகப் போனார். மால்கம் ஆதிசேஷையா 1971இல் தொடங்கிய நிறுவனம் அது. ஆதிசேஷையா நம் வேலூர்க்காரர். பாரிஸில் யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநர் பதவி வரை போனவர், அதை விட்டு வந்து இங்கே ஒரு ஆராய்ச்சி நிலையம் கட்டினார். அவருக்குப் பின் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் குரியன்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் 1950 முதல் 1975 வரை என்ன மாறியது என்பதை ஆராய்ந்து 1981இல் ஒரு புத்தகம் எழுதினார். அதற்கு முன்பே, 1978இல், வறுமையையும் திட்டமிடலையும் பற்றி ஒரு புத்தகம். 1992இல் பொருளாதாரம் என்றால் என்ன என்று ஆரம்பத்திலிருந்து விளக்கும் புத்தகம். 2012இல், எண்பது வயதைத் தாண்டிய பிறகு, பொருளாதாரம் படிக்காத சாதாரண மனிதருக்காக இன்னொன்று. 58 வயதில் பென்ஷன் பேப்பரில் கையெழுத்துப் போட்டதும் வாசிப்பையே மூட்டை கட்டி வைத்த சகாக்கள் எனக்கு உண்டு. எண்பதுக்கு மேல் ஒருவர் புதிய வாசகரைத் தேடிப் புத்தகம் எழுதுகிறார் என்றால் சொல்லாமல் விட்டது ஏதோ பாக்கி இருந்திருக்கிறது என்று அர்த்தம்.

அந்த பாக்கி என்ன?

வழக்கமான பொருளாதாரப் பாடப்புத்தகம் தேவை, அளிப்பு, விலை என்று தொடங்கும். பிரெஞ்சுக்காரர்கள் இந்தப் படிப்புக்கு நெடுங்காலம் 'எகொனொமி பொலித்திக்' என்றே பெயர் வைத்திருந்தார்கள், அதாவது அரசியல் பொருளாதாரம். நான் படித்த காலத்தில் அந்தப் பெயர்தான் காதில் விழுந்தது. பிறகு உலகம் முழுக்க அரசியல் உதிர்ந்து வெறும் பொருளாதாரம் ஆகிவிட்டது. குரியன் உதிர்ந்ததை எடுத்து மறுபடி ஒட்டினார். ஒரு பொருளாதாரம் என்பது மனிதர்களுக்கு இடையே உள்ள உறவுகளின் அமைப்பு என்பது அவர் சொன்னதன் சாரம். வளங்கள் யார் கையில் இருக்கின்றன, அவற்றையும் உழைப்பையும் வைத்து என்ன உற்பத்தி செய்கிறார்கள், விளைந்ததில் யாருக்கு எவ்வளவு என்று எப்படித் தீர்மானிக்கிறார்கள், இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் பொருளாதாரம் புரியும் என்றார். முதல் கேள்வி உடைமை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

வருவாய்த்துறையில் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இது உடனே விளங்கும். கிராமக் கணக்கில் அடங்கல் என்று ஒன்று, சிட்டா என்று ஒன்று. அடங்கலைப் பிரித்தால் எந்த சர்வே எண்ணில் என்ன பயிர், எத்தனை ஏக்கர், பாசனம் எது என்று இருக்கும். சிட்டாவைப் பிரித்தால் முதலில் ஆள் பெயர், அவர் தகப்பனார் பெயர், அவருக்கு எங்கெங்கே எவ்வளவு நிலம் என்று இருக்கும். ஜமாபந்தி சமயத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கணக்குப் பார்ப்போம். பொருளாதாரம் எழுதுகிறவர்களில் அநேகர் அடங்கலை மட்டும் படிக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். எவ்வளவு விளைந்தது, எத்தனை சதவீதம் கூடியது என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். குரியன் சிட்டாவிலிருந்து தொடங்கினார். யார் பெயரில் என்று கேட்டுவிட்டுத்தான் எவ்வளவு என்று கேட்டார்.

இப்படிக் கேட்டால் என்ன தெரியவரும் என்பதற்கு நம் செங்கல்பட்டு ஜில்லாவிலேயே சான்று இருக்கிறது.

மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதை நமக்கெல்லாம் மனப்பாடம். கும்பினி ஆட்சியில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் துரை, 1795ஐ ஒட்டிய ஆண்டுகளில், உடைந்துகொண்டே இருந்த ஏரிக்கரையைக் கட்டினார், மழை இரவில் ராம லட்சுமணர் கரையில் காவல் நின்றதைக் கண்டார் என்பது கதை. கோயில் கல்வெட்டில் அவர் பெயர் இருக்கிறது. கரை கட்டியவரை ஊர் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நினைவில் வைத்திருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் அந்தக் கரை தேக்கிய தண்ணீர் யாருடைய நிலத்தில் பாய்ந்தது, அந்த நிலத்தில் சேற்றில் இறங்கியவனுக்கு அதில் சொந்தம் எவ்வளவு என்ற கேள்வி கதையில் வராது.

அந்தக் கேள்வியைக் கேட்டவரும் இதே ஜில்லாவில் அதிகாரம் பண்ணிய ஒரு வெள்ளைக்காரர்தான். ட்ரெமென்ஹீர் என்று பெயர். செங்கல்பட்டு ஜில்லாவின் பறையர் மக்கள் எப்படி வாழ்கிறார்கள், குடியிருக்கும் மனையைக்கூடத் தனது என்று சொல்ல முடியாமல் எப்படிக் கிடக்கிறார்கள் என்று 1891இல் அறிக்கை எழுதினார். அதன் விளைவாக 1892இல் அரசாணை வந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு என்று நிலம் ஒதுக்கப்பட்டது. நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது அதைத்தான். ஏ பதிவேட்டில் 'டி.சி. நிலம்' என்று இருக்கும். மாகாணம் முழுக்க சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகு விற்றாலும் அதே வகுப்பினருக்குத்தான் விற்க வேண்டும், மீறினால் செல்லாது என்பது நிபந்தனை.

அந்த நிலங்களில் பெரும்பகுதி இன்று யார் பெயரில் இருக்கிறது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1994இல் மாமல்லபுரம் பக்கத்துக் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராட்டம் நடந்தது. அக்டோபர் 10ஆம் தேதி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இறந்தார்கள். சிட்டாவில் யார் பெயர் என்று கேட்டதற்கு இந்த ஜில்லாவில் கொடுக்கப்பட்ட விலை அது. அதனால்தான் இதை வெறும் படிப்பாளிகள் விவகாரம் என்று தள்ள எனக்கு மனசு வரவில்லை.

இப்போது நம் அச்சரப்பாக்கத்துக்கு வருவோம். ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டைத் தாண்டித் தெற்கே வரும்போது இரண்டு பக்கமும் என்ன தெரிகிறது? கலர் கொடி, கல் நட்ட மனை, 'வங்கிக் கடன் வசதி உண்டு' என்ற போர்டு. நாற்பது வருஷத்துக்கு முன் அதே இடங்களில் நெல்லும் வேர்க்கடலையும் இருந்தன. நிலத்தின் விலை ஏறியது, கட்டடம் வந்தது, வண்டி வந்தது. ஜில்லா வளர்ந்தது என்று எழுதினால் பொய் இல்லை. ஆனால் பத்திரப் பதிவு அலுவலகத்தில் ஒரு கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். எழுதிக் கொடுப்பவர் என்று ஒருவர், எழுதி வாங்குபவர் என்று ஒருவர். அந்த வயலில் முப்பது வருஷம் நாற்று நட்ட பெண்ணுக்கு அந்தப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போடும் இடம்கூடக் கிடையாது. விலை ஏறியதில் அவளுக்கு ஒரு பைசா இல்லை. விற்ற பிறகு நடவு வேலையும் இல்லை. ஒரே நிகழ்ச்சி ஒரு வீட்டில் செல்வமாகவும் இன்னொரு வீட்டில் வேலை இழப்பாகவும் கணக்காகிறது. செல்வமும் வறுமையும் தனித்தனி விஷயங்கள் கிடையாது, ஒரே நடப்பின் இரண்டு முனைகள் என்று குரியன் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்.

குரியனைப் போலவே வேரைத் தேடிய இன்னொருவர் எகிப்தில் பிறந்த சமீர் அமீன். பிரெஞ்சில் எழுதியவர். 2018 ஆகஸ்டில் பாரிஸில் காலமானார். உலகத்தை அவர் மையம், விளிம்பு என்று பிரித்தார். விளிம்பில் இருப்பவை பின்தங்கியவை என்று எண்ணாதே, மையத்துக்குத் தேவையானதைக் கொடுக்கும்படி அவை அமைக்கப்பட்டிருக்கின்றன என்பது அவர் வாதம். எனக்கு இது சென்னையையும் நம் பக்கத்தையும் பார்த்து எழுதியதுபோலத் தோன்றும். பாலாற்று மணல் எங்கே போனது? ஏரி மண் எந்தச் சாலைக்குப் போனது? மறைமலைநகரில் போர்டு கார் தொழிற்சாலை வந்தபோது நாமெல்லாம் பெருமைப்பட்டோம். 2022இல் அங்கே உற்பத்தி நின்றது. அதை நிறுத்தும் முடிவு அமெரிக்காவில் எடுத்தது. மறைமலைநகரில் வேலை பார்த்தவனை யாரும் கேட்கவில்லை. வளம் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் முடிவும் இருக்கும்.

இதற்கு எதிர்வாதம் உண்டு. என் நண்பர்களே சொல்வார்கள். 'ஓய், இதெல்லாம் பழைய பாட்டு. இன்றைக்குக் கூலிக்காரன் வீட்டில் டி.வி. இருக்கிறது, பைக் இருக்கிறது, பிள்ளை இன்ஜினியரிங் படிக்கிறான். நிலம் நிலம் என்று இன்னும் எத்தனை காலம்?' என்பார்கள். இதை அலட்சியமாகத் தள்ள முடியாது. பதில் சொல்ல நல்ல ஆதாரமும் இருக்கிறது.

விழுப்புரத்துக்கு அப்பால் இருவேல்பட்டு என்று ஒரு கிராமம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் தம் மாணவர்களை வைத்துச் சில கிராமங்களை ஆராய்ந்தார். அவற்றில் இதுவும் ஒன்று. 1930களில் வேறு ஆட்கள் மறுபடி போய்ப் பார்த்தார்கள். 1980களின் தொடக்கத்தில் எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும் போனார்கள். குகன் தமிழ்நாடு அரசின் நிதிச் செயலாளராக இருந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி, பின்பு அதே அடையாறு நிறுவனத்துக்கு ஆராய்ச்சிக்கு வந்தவர். மென்ச்சர் அமெரிக்கப் பெண்மணி, நம் செங்கல்பட்டு கிராமங்களிலும் வருஷக்கணக்கில் ஆராய்ச்சி செய்தவர். குகன் 1998இல் காலமானார். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் மூவரும் அதே ஊருக்கு மறுபடி போனார்கள். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு, ஒரே ஊர், ஒரே கேள்விகள்.

அவர்கள் கண்டது இரண்டு தரப்புக்கும் பாடம். ஊரையே கைக்குள் வைத்திருந்த நிலக்கிழார் குடும்பத்தின் பிடி தளர்ந்திருக்கிறது. கூலி வேலை செய்பவர்கள் அவர்களை நம்பிப் பிழைக்கும் நிலைமை பெருமளவு குறைந்திருக்கிறது. ஆனால் நிலம் பெரிதாகக் கைமாறி அடித்தட்டுக்குப் போய்விடவில்லை. 1961இல் வந்த நில உச்சவரம்புச் சட்டம், 1970இல் உச்சவரம்பை 15 தர ஏக்கராகக் குறைத்தது எல்லாம் நமக்குத் தெரியும். காகிதத்தில் குறைந்த அளவுக்கு நிலத்தில் குறையவில்லை என்பதும் தெரியும். அப்படியானால் கூலிக்காரன் தலைநிமிர்ந்தது எதனால்? ரேஷன் அரிசி, 1982இல் விரிந்த சத்துணவு, பள்ளிக்கூடம், இடஒதுக்கீடு, டவுன் பஸ், ஊருக்கு வெளியே கிடைத்த வேலை. ஆகவே நிலம் ஒன்றே வேர் என்று பிடிவாதம் பிடிப்பதில் நியாயம் இல்லை, வேர் பல பக்கம் ஓடுகிறது. இதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இந்த ஒப்புதல் குரியனின் கேள்வியைத் தள்ளுபடி செய்துவிடாது. ரேஷன் அரிசியும் சத்துணவும் அரசு கொடுப்பது. அரசு மனம் மாறினால் குறையும். கையில் பட்டா உள்ளவனுக்கு அந்தப் பயம் இல்லை. சாலை வந்தால் அவன் மனை விலை ஏறுகிறது, தொழிற்சாலை வந்தால் இழப்பீடு வருகிறது, பிள்ளைக்கு மேற்படிப்பு என்றால் வங்கி அடமானத்துக்குக் கடன் கொடுக்கிறது. இல்லாதவனுக்கு அவன் உடம்புதான் அடமானம். பைக் இருக்கிறது என்று சொல்லும் நண்பர்கள், அந்த பைக்குக்கு மாதத் தவணை யார் கட்டுகிறார்கள், கந்துவட்டி எவ்வளவு என்றும் ஒரு தடவை விசாரிக்கலாம்.

இப்போது ஆரம்பித்த இடத்துக்கு வருகிறேன். இப்படி ஒரு கேள்வியை வாழ்நாள் முழுக்கக் கேட்டவருக்கு சகாக்கள் எப்படி நினைவு செலுத்த வேண்டும்? நம் வீடுகளில் பெரியவர் காலமானால் வருஷா வருஷம் திதி கொடுக்கிறோம். குரியன் கிறிஸ்தவர், அவருக்கு ஏது திதி என்பீர்கள். நான் சொல்வது வேறு மாதிரித் திதி. இருவேல்பட்டுக்குத் திரும்பத் திரும்பப் போனார்களே, அதுதான் ஒரு பொருளாதார அறிஞருக்குக் கொடுக்கும் சரியான திதி என்று நினைக்கிறேன். முன்னால் போனவர் இல்லை, அவர் கேட்ட கேள்வி இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு அதே ஊருக்குப் போய், பதில் மாறியிருக்கிறதா என்று பார்ப்பது. படத்துக்கு மாலை போட்டு, விருது வைத்து, ஆண்டுக்கொரு சொற்பொழிவு நடத்துவதை நான் குறை சொல்லவில்லை. சொற்பொழிவுக்கு வருகிறவர்கள் ஏற்கெனவே அந்தக் கட்சி. காந்தியப் பொருளாதாரம் பேசிய தஞ்சாவூர் ஜே.சி. குமரப்பா 1960 ஜனவரி 30இல், காந்தி இறந்த அதே தேதியில், காலமானார். அந்தப் பொருத்தத்தை ஆண்டுதோறும் பேசுகிறவர்கள், அவர் குஜராத்தில் மாத்தர் தாலுகாவில் வீடு வீடாகக் கணக்கெடுத்தாரே, அப்படி ஒரு கணக்கை எடுப்பதில்லை.

இதைப் பல்கலைக்கழகம்தான் செய்ய வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். நம்மைப் போன்ற ஓய்வுபெற்ற ஆட்கள் எதற்கு இருக்கிறோம்? கர்ணம் முறை 1980இல் ஒழிந்த பிறகு வந்த கிராம நிர்வாக அலுவலர்களில் முதல் செட் ஆட்களும் இப்போது பென்ஷன்காரர்கள். அ பதிவேடு, சிட்டா, அடங்கல் எல்லாம் படிக்கத் தெரிந்த கைகள் ஊருக்கு நாலைந்தாவது சும்மா இருக்கின்றன. முன்பு தாலுகா ஆபீசில் காத்துக் கிடந்து வாங்கிய விவரத்தில் பெரும்பகுதி இப்போது அரசின் இணையச் சேவையில் கிடைக்கிறது. பேரப் பிள்ளைகளைக் கூப்பிட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

ஒரு நோட்டு வாங்கி நாலு கலம் போட்டால் போதும். நம் ஊரில் விவசாய நிலம் எத்தனை குடும்பத்திடம் இருக்கிறது, எத்தனை குடும்பத்துக்கு இல்லை என்பது ஒன்று. ஏ பதிவேட்டில் டி.சி. என்று இருந்த நிலம் எவ்வளவு, இன்று யார் அனுபவத்தில் இருக்கிறது என்பது இரண்டு. கடந்த இருபது ஆண்டில் மனையாக மாறியது எத்தனை ஏக்கர், அதில் கூலி வேலை பார்த்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்பது மூன்று. பெண்கள் பெயரில் எத்தனை பட்டா என்பது நாலு. தமிழ்நாட்டில் பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை என்று 1989இலேயே சட்டம் வந்தது. அது சிட்டா வரை வந்திருக்கிறதா என்று பார்க்கலாம். எடுத்த கணக்கைக் கிராம சபையில் வைக்கலாம். சண்டைக்குப் போக வேண்டாம், வாசித்துவிட்டு உட்கார்ந்தால் போதும். கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

இதில் மனஸ்தாபம் வரும் என்பதை மறைக்கவில்லை. சிட்டாவில் இருக்கும் பெயர்களில் நம் பங்காளி பெயர் இருக்கும், சம்பந்தி பெயர் இருக்கும். சிலருக்கு நம் பெயரே இருக்கும். பயிர்க் கணக்கு வாசித்தால் யாருக்கும் கோபம் வராது. பெயர்க் கணக்கு வாசித்தால்தான் வரும். நிலத்தில் எவ்வளவு விளைகிறது என்று மட்டும் நூறு வருஷமாக எல்லாரும் பேசி வந்ததற்கும் அதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த வசதியான பேச்சைத் தாம்பரத்திலும் அடையாறிலும் உட்கார்ந்து ஒரு மனிதர் மெதுவான குரலில் மறுத்தார்.

அக்டோபர் 2ஆம் தேதி கிராம சபை உண்டு. கணக்கு தொடங்க ஆசைப்படும் நண்பர்கள் அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசலாம். பழைய ஜமாபந்தி அனுபவம் உள்ளவர்கள் அவசியம் வரவும். கண்ணாடியை மறக்காமல் கொண்டு வாருங்கள், ஏ பதிவேட்டு எழுத்து பொடி எழுத்து.